வைட்டமின் இலாகா

என் தம்பி ஒரு சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலையில் இருந்தான். அவனுக்கு இருட்டில் கண் தெரியாமல் போனது. இந்த இரண்டு விஷயங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தியேட்டர் மேனேஜருக்குத்தான் தோன்றியது.

தம்பியை நாங்கள் உப்பு என்று கூப்பிடுவோம். பிறந்த சில நாளில் அம்மா அவன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு உதட்டை நக்கிப் பார்த்து, "என்னங்க, பிள்ளை கடல்ல குளிச்சிட்டு வந்த மாதிரி கரிக்குது," என்றாள். அப்பாவும் முத்தம் கொடுத்துப் பார்த்தார். என்னையும் கொடுக்கச் சொன்னார்கள். அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ருசி பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகுதான் டாக்டர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. உப்பு நுழைந்தது.

நோயைப் பற்றி நான் புரிந்துகொண்டது இதுதான். உடம்புக்குள் வழுவழுவென்று ஓட வேண்டியதெல்லாம் அவனுக்குக் கோந்துபோல் கெட்டியாக ஊறும். நெஞ்சில் சளியாக அடைக்கும். வயிற்றில், கணையத்திலிருந்து செரிமானச் சாறு வரும் குழாயை அடைக்கும். சாறு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்பு செரிக்காவிட்டால் அதில் மட்டுமே கரையும் ஏ, டி, இ, கே என்ற நான்கு வைட்டமின்களும் உடம்பில் ஒட்டாது. ஆகவே சாப்பிடும்போதெல்லாம் அந்தச் சாற்றுக்குப் பதிலாக மாத்திரை போட வேண்டும். வைட்டமின்களைத் தனியாகக் கொடுக்க வேண்டும். வெண்ணெய், முட்டை, பாலாடை என்று ஊரில் எல்லோருக்கும் டாக்டர் வேண்டாம் என்று சொல்வதையெல்லாம் இவன் அள்ளி அள்ளிச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டான். ஒல்லியாகவே இருந்தான். கூடவே சாப்பிட்ட நான் குண்டானேன். "இவனுக்குப் போடறதெல்லாம் உனக்கு வந்து சேருது பாரு. விலாசம் மாறிப் போகுது," என்பார் அப்பா.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு டிரைகிளீனிங் கடையின் பின்கட்டில் கறை எடுப்பவள். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு ஜன்னல். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் பிள்ளையின் நெஞ்சுக்குக் காற்று வரும் என்றார் அப்பா. மூடி வைத்தால்தான் தெருத்தூசி வராது என்றாள் அம்மா. அவர் திறப்பார், அவள் மூடுவாள். ஒரு நாள் ஒரே நேரத்தில் இருவர் கையும் கொக்கியில் பட்டது. "பிள்ளையைக் கொன்னுதான் தீருவேன்னு இருக்கீங்களா?" என்று அம்மா கேட்டாள். "அதை நான் உன்கிட்ட கேட்கணும்," என்றார் அப்பா. இதைச் சொல்லிவிட்ட பிறகு இருவருக்குமே அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். ஜன்னல் பாதி திறந்தபடி நின்றது. அதை அதன்பிறகு யாரும் தொடவில்லை.

முதலில் என் மூலமாகப் பேசினார்கள். "உங்கப்பாகிட்ட சொல்லு, சோப்பு தீர்ந்துபோச்சு." அப்பா அங்கேயே, அதே சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். எனக்கு ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை கிடைத்து நான் பகலில் வீட்டில் இல்லாமல் போனதும் ஆள் தட்டுப்பாடு வந்தது. அவர்கள் ஃப்ரிட்ஜிடம் பேச ஆரம்பித்தார்கள்.

"ஃப்ரிட்ஜே, யாரோ பாலை மூடாம வெச்சிருக்காங்க."

"ஃப்ரிட்ஜே, மூடி உடைஞ்சுபோய் ஒரு வாரமாச்சு. கண்ணு இருக்கறவங்க பார்த்திருப்பாங்க."

ஃப்ரிட்ஜ் ஹூம் என்று சொல்லும். சில சமயம் தம்பி அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டு குரலை மாற்றிப் பதில் சொல்வான். "ரெண்டு பேரும் என்னை நடுவுல இழுக்காதீங்க, நானே சூடா இருக்கேன்." அப்பாவுக்கு உதடு துடிக்கும். சிரிக்க மாட்டார்.

இந்த ஏற்பாட்டில் தம்பியின் உடம்பையும் பிரித்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு வேலை விடியற்காலையில். அப்பாவுக்கு மதியத்துக்கு மேல். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு இரண்டும் அப்பா கையில். அதனால் செரிமான மாத்திரை அப்பாவின் இலாகா ஆனது. வைட்டமின் அதுவரை காலைச் சாப்பாட்டோடுதான் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜை எதிரியின் எல்லைக்குள் போனதும் அம்மா வைட்டமின் பாட்டிலைத் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டாள். வேலைக்குக் கிளம்புமுன் தூங்குகிற பிள்ளையை எழுப்பி, வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு கொடுப்பாள். மருந்து சுத்தமான வயிற்றில்தான் பிடிக்கும் என்பது அவள் கட்சி. ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"இருபது வயசு தாண்டியாச்சு. நீயே எடுத்துப் போட்டுக்க மாட்டியா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வெளியே சாப்பிட்டா நானேதான் போட்டுக்கறேன். வீட்டுல எனக்கு இலாகா கிடையாது அக்கா," என்றான். "இதையும் பிடுங்கிட்டா அவங்களுக்கு என்ன இருக்கு? சும்மா அந்த ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க."

தியேட்டர் வேலை அவனாகத் தேடிக்கொண்டது. தூசி, கூட்டம், கண்டவன் மூச்சு என்று டாக்டர் திட்டினார். முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அந்த வேலையில் அவனுக்கு ஒரு தொழில் ரகசியம் இருந்தது. எந்தப் படத்தில் எந்த இடத்தில் சத்தம் வரும் என்று மனப்பாடமாகத் தெரியும். இருமலை அதுவரை அடக்கி வைத்திருப்பான். கார் வெடிக்கும்போது, பாலம் இடியும்போது, சுவரோரம் குனிந்து நின்று ஆசை தீர இருமிவிட்டு நிமிர்வான். அந்த ஹாலில் அவன் நோயாளி என்று யாருக்கும் தெரியாது.

"வெளியே எல்லாரும் என் கையைப் பிடிக்கறாங்க," என்று ஒரு நாள் சொன்னான். "படி இருக்கு பார்த்து, மூச்சு வாங்குதா, உட்காருன்னு. அங்கே உள்ளே வர்றவங்க எல்லாரும் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணு தெரியாதவங்க. நான்தான் அவங்களைக் கூட்டிட்டுப் போறேன். அந்த வேலை போச்சுன்னா நான் வெறும் உடம்புதான் அக்கா."

அந்த வேலைதான் போகப் பார்த்தது.

தொடக்கத்தில் அவன் படத்தைக் குறை சொன்னான். இப்போதெல்லாம் எல்லாப் படத்தையும் இருட்டிலேயே எடுக்கிறார்கள் என்றான். பிறகு ஒரு தூணிடம், "சார், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க, பின்னாடி மறைக்குது," என்று மரியாதையாகச் சொன்னான். தூண் நகராததால் மறுபடியும் சொன்னான். பின்வரிசை சிரித்தது.

டார்ச் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தத் தியேட்டரில் டார்ச் வெளிச்சம் தரையைத் தாண்டக் கூடாது. படம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் தங்களை யாரும் பார்க்கக் கூடாது என்று வருகிறவர்கள் என்பது மேனேஜரின் கணிப்பு. ஆகவே தரையில் வட்டமாக ஒரு வெளிச்சம், மற்றதெல்லாம் பழகிய கண். அந்தக் கண் அவனிடம் இல்லாமல் போனது.

மேனேஜர் ஒரு நாள் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அன்று நான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்ததால் வாசலில் நின்று கேட்டேன்.

"டேய் உப்பு, நேத்து மேட்னிக்கு லேட்டா வந்த ஒருத்தரை எங்கே உட்கார வெச்சே?"

"ஜி வரிசை சார்."

"ஜி வரிசையில எங்கே?"

"சீட்டுல சார்."

"சீட்டுல ஏற்கனவே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்கடா!"

"அவங்க ஒண்ணும் சொல்லலையே சார்."

"எப்படிச் சொல்லுவாங்க? அவர் தொண்ணூறு கிலோ!" மேனேஜர் தண்ணீர் குடித்தார். "சரி, அதை விடு. அந்த ஜோடி?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். முந்தின வாரம் ஒரு இளம் ஜோடியை அவன் நேராக நடத்திக்கொண்டுபோய், முன்னால் இருந்த சின்னக் கதவைத் திறந்து, "உள்ளே போங்க, நல்ல இடம்," என்று அனுப்பி வைத்திருந்தான். அது திரைக்குப் பின்னால் போகும் கதவு. அங்கே சுத்தம் செய்கிறவர்கள் அணைக்காமல் விட்ட ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதாநாயகன் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவன் மார்பின்மேல் இரண்டு நிழல்கள் இருக்கையைத் தேடி அலைந்தன. மக்கள் கைதட்டினார்கள். அவன் ஆத்மாதான் மனைவியோடு போகிறது என்று சிலர் அழுததாகவும் கேள்வி.

"எனக்கு உன்மேல கோபம் இல்லடா," என்றார் மேனேஜர். "ஆனா அடுத்த பெரிய படம் வருது. கூட்டம் அள்ளும். அதுக்குள்ளே கண்ணு சரியாகலைன்னா டார்ச்சை வாங்கிட்டு உன்னை வாசல்ல டிக்கெட் கிழிக்கப் போட்டுடுவேன். அதுவும் நல்ல வேலைதான். ஃபேன் இருக்கு, ஸ்டூல் இருக்கு."

தம்பி வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஸ்டூல் தர்றாராம் அக்கா," என்றான்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் ஏ தரையில் கிடந்தது. மாலைக்கண் அதனால்தான் என்றார்கள். வைட்டமின் விவகாரத்தைப் பார்ப்பவர் அங்கே உணவு ஆலோசகர். மேஜைமேல் பிளாஸ்டிக் முட்டை, பிளாஸ்டிக் வெண்ணெய், பிளாஸ்டிக் சீஸ் எல்லாம் ஒரு தட்டில் வைத்திருப்பார். அதனால் எங்களுக்கு அவர் தட்டு மேடம்.

தட்டு மேடம் பெற்றோரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் வந்தார்கள். ஆனால் ஒருவர் வெளியே வந்தால்தான் மற்றவர் உள்ளே போவது என்ற முறையில்.

"ஒரு நாள் தவறாம கொடுக்கறேன் மேடம்," என்று அம்மா சத்தியம் செய்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஒரு வேளை தவறாம கொடுக்கறேன் மேடம்," என்று அப்பா சத்தியம் செய்துவிட்டு வெளியே வந்தார்.

தட்டு மேடம் தம்பியைப் பார்த்து, "நீ துப்பிடறியா?" என்றார்.

"சே, இல்ல மேடம்."

"அப்போ இவ்வளவும் எங்கேதான் போகுது?"

"வழக்கமா எங்க அக்காவுக்குப் போகும்," என்றான்.

கடைசியில் மேடம் கடுப்பாகி எல்லோரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்பா உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"வைட்டமினை எதோட கொடுக்கறீங்க?"

"தண்ணியோட. விடியக்காலைல, வெறும் வயித்துல," என்றாள் அம்மா பெருமையாக.

"மாத்திரையை?"

"சாப்பாட்டோட. அவன் எழுந்து குளிச்சு, ஒன்பது மணிக்கு மேல," என்றார் அப்பா.

மேடம் பிளாஸ்டிக் வெண்ணெயைக் கையில் எடுத்தார். "அப்போ வைட்டமின் உள்ளே போறப்போ வெண்ணெயும் இல்லை, மாத்திரையும் இல்லை?"

"பாப்பா, மேடம்கிட்ட சொல்லு. அது என் இலாகா இல்லை," என்றார் அப்பா என்னிடம்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க சார்?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"சரி. வைட்டமின் மேல்மாடிக்குப் போகவேண்டிய ஆள்னு வெச்சுக்கோங்க. கொழுப்புதான் லிஃப்ட். மாத்திரைதான் கதவைத் திறக்கும். உங்க வீட்டு ஆள் விடியக்காலைல வந்து லிஃப்டுக்காக நிக்கறார். லிஃப்ட் வரலை. நின்னு பார்த்துட்டு அவர் வாசல் வழியாப் போயிடறார். அப்புறம் ஒன்பது மணிக்கு லிஃப்ட் வருது, கதவு ஜோராத் திறக்குது. உள்ளே ஏற ஆள் இல்லை. எத்தனை வருஷமா இப்படி?"

அப்பாவின் முகம் மாறியது. ஆள் இல்லாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த ஒரு லிஃப்ட் அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். தொழில்காரருக்கு அதைவிட வேதனை இல்லை.

அம்மா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எண்ணெயில கரையறதுக்குத் தண்ணி கொடுத்திருக்கேன்," என்றாள் மெதுவாக. "தினம் கடையில கத்தறேன். எண்ணெய்க் கறையில தண்ணி ஊத்தாதீங்கடா, ஒட்டாதுடான்னு."

மேடம் இரக்கப்பட்டு, "ரொம்பச் சின்ன விஷயம்தாங்க," என்றார். "பாட்டிலை சார்கிட்ட கொடுத்துடுங்க. அவரே ரெண்டையும் சாப்பாட்டோட கொடுத்துடட்டும்."

அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இல்லைன்னா மாத்திரையை அம்மாகிட்ட..."

அப்பா சட்டைப்பையை மூடிக்கொண்டார்.

"சரி, தம்பி நீயே போட்டுக்கோ! பெரிய ஆள்தானே?"

தம்பி அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு வாழ்க்கையில் ஒரு படத்தின் வசனத்தைக்கூட மறக்காதவன், "எனக்கு ஞாபக மறதி மேடம்," என்றான். "ரெண்டு பேரும் பக்கத்துல உட்கார்ந்து கொடுத்தாத்தான் உண்டு."

வெளியே வந்ததும் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். "வேலை போகப் போகுது, உனக்கு இதுல விளையாட்டா?"

"விளையாட்டு இல்லை அக்கா. என் வேலை போகக் கூடாதுன்னா இவங்க ஒரே மேஜையில உட்காரணும். இதைவிட நல்ல காரணம் இவங்களுக்கு இனிமே கிடைக்காது," என்றான்.

ஆகவே விடியற்காலையில் ஒரு சாப்பாடு ஏற்படுத்தப்பட்டது. முதல் நாள் அப்பா சீருடை போட்டு, கருவிப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார், எந்த நேரமும் கிளம்பிப் போக உரிமை உள்ளவர்போல. அம்மா வைட்டமின் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தாள். நடுவில் தம்பி. அவன் முன்னால் விரல் பருமனுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டியும் இரண்டு முட்டைகளும். எதிரில் நான், தூக்கக் கலக்கத்தில். என் முன்னாலும் அதே வெண்ணெய், என்ன பாவம் செய்தேனோ.

"ஃப்ரிட்ஜே, மாத்திரை உள்ளே போயாச்சு," என்றார் அப்பா.

"ஃப்ரிட்ஜே, ரெண்டு வாய் இறங்கட்டும், அப்புறம் பாட்டிலைத் திறக்கலாம்," என்றாள் அம்மா.

"ஃப்ரிட்ஜே, ரெண்டு வாய் இறங்கியாச்சு."

"ஃப்ரிட்ஜே, வாயில வெச்சிருக்கான், முழுங்கலை. யாரும் அவசரப்படுத்த வேணாம்."

தம்பி மென்றுகொண்டே ஃப்ரிட்ஜைப் பார்த்துத் தலையாட்டினான். இப்படியே ஒரு வாரம் போனது. ஒரு நாள் நான் நூலகத்திலிருந்து வந்தபோது ஃப்ரிட்ஜைக் காணோம். இருந்த இடத்தில் சதுரமாகத் தூசியும், எனது காணாமல்போன சீப்பும் இருந்தன. வழக்கமாக வரும் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரரிடம் கேட்டதில், தம்பிதான் ஆள் வைத்து அனுப்பியிருக்கிறான்.

"இதுல ஒரு கோளாறும் இல்லையேம்மா," என்றார் ரிப்பேர்காரர் என்னிடம். "தம்பிகிட்ட சொன்னேன். அதுக்கு அவரு, கோளாறு ஃப்ரிட்ஜுல இல்லை, வீட்டுல, கொஞ்ச நாள் உங்க கடையிலேயே வெச்சுக்கோங்கன்னு போயிட்டாரு."

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல், "ஃப்ரி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அந்த மூலையில் வெறும் சுவர். சுவரிடம் பேச அவருக்கு வெட்கமாக இருந்தது. தம்பி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வெண்ணெய் உருகித் தட்டில் சொட்டியது. அம்மா பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். மாத்திரை போயாயிற்றா இல்லையா என்று தெரியாமல் அவளால் வேலை செய்ய முடியாது.

"போட்டாச்சா?" என்றாள் கடைசியில். மேஜையைப் பார்த்துத்தான் கேட்டாள். ஆனால் அது மேஜையிடம் கேட்ட கேள்வி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"போட்டாச்சு," என்றார் அப்பா.

இருவரும் திடுக்கிட்டு ரொட்டியைப் பார்த்தார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் ஒரு போட்டாச்சா, ஒரு போட்டாச்சு. அந்த இரண்டு வார்த்தைகளுக்குமேல் ஒரு எழுத்துக்கூடக் கூட்டிக்கொள்ளவில்லை. ஃப்ரிட்ஜ் திரும்பி வந்த பிறகும் அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் நேராகவே போய் வந்தன.

வாரங்கள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் ஏ தரையிலிருந்து எழுந்து நின்றிருந்தது. தட்டு மேடம் மகிழ்ச்சியில் அவனுக்குப் பிளாஸ்டிக் முட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். சாயங்காலம் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அவன் என்னை மடக்கினான். "அக்கா, நீ நாக்கைத் துருத்தறே." உண்மைதான்.

பெரிய படம் வந்தது. மேனேஜர் அவனை ஒரு மேட்னியில் சோதிப்பதாகச் சொன்னார். படம் தொடங்கி இருட்டான பிறகு வருகிறவர்களை அவன் உட்கார வைக்க வேண்டும். அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்ப்பார். ஒரே ஒரு மடி, ஒரே ஒரு தூண், அவ்வளவுதான், ஸ்டூல்.

தம்பி எங்கள் மூவருக்கும் பாஸ் கொடுத்தான். அப்பாவிடம், அம்மா வரவில்லை என்றான். அம்மாவிடம், அப்பாவுக்கு ஷிஃப்ட் என்றான். நான் முன்கூட்டியே போய் எஃப் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று அவன் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். டார்ச்சைப் பெயருக்குக் கையில் வைத்திருந்தான், போடவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியை வாசலோர இருக்கையில் வைத்தான். ஒரு நெட்டையரைப் பின்வரிசை ஓரத்துக்கு நகர்த்தினான். படி தடுக்க இருந்த ஒரு பெரியவரின் முழங்கையைச் சரியான நேரத்தில் பிடித்தான். பின்னால் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா வந்தார். எனக்கு நேர் முன்னால், இ வரிசையில் அவரை உட்கார வைத்தான். பக்கத்து இருக்கை காலி.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள், வெயிலிலிருந்து வந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு. தம்பி அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். காலி இருக்கையைத் தாண்டினான். "இங்கேம்மா," என்றான்.

அம்மா அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள்.

"ஐயோ!"

"யாரது?"

"நான்தான்."

"நீயா?"

"எழுந்திருங்க முதல்ல!"

"மேலே நீ உட்கார்ந்திருக்கே. நான் எப்படி எழுந்திருக்கறது?"

"கத்தாதீங்க, எல்லாரும் பார்க்கறாங்க."

"இருட்டுல என்னத்தைப் பார்ப்பாங்க?"

முன்வரிசைக்காரர் திரும்பி, "இதையெல்லாம் வீட்டுல போய்ப் பேசக் கூடாதா?" என்றார். வீட்டில் பேசுவதில்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர் வேகமாக இறங்கி வந்தார். கையை நீட்டினார். "டார்ச்சைக் கொடு உப்பு. போதும்."

தம்பி டார்ச்சைக் கொடுக்கவில்லை. "இது கண்ணு தெரியாம செஞ்சது இல்லை சார். தெரிஞ்சு செஞ்சது," என்றான். "நம்பலையா? எச் வரிசையில கடைசி சீட்டுல ஒருத்தர் ஷூவைக் கழட்டி வெச்சிருக்கார், வலது காலுறையில ஓட்டை, பெருவிரல் வெளியே இருக்கு. பி வரிசையில ஒரு பொண்ணு அழறா, பக்கத்துல இருக்கறவனுக்கு அது தெரியலை. உங்க சட்டையில மேலேயிருந்து மூணாவது பட்டன் போடலை."

மேனேஜர் குனிந்து பட்டனைப் போட்டுக்கொண்டார். பிறகு எச் வரிசைவரை நடந்துபோய்ப் பெருவிரலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இவங்க யாரு?" என்றார், அம்மாவும் அப்பாவும் இருந்த திசையில்.

"எங்கம்மா அப்பா சார். பேசிக்கறது இல்லை."

மேனேஜர் உற்றுக் கேட்டார். "பேசிட்டுத்தான் இருக்காங்க," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். டார்ச்சைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவே இல்லை.

அம்மா ஒருவழியாகப் பக்கத்து இருக்கைக்கு மாறியிருந்தாள். எழுந்து வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. திரையில் யாரோ யாரையோ துரத்தினார்கள்.

"உங்க சட்டையில வெண்ணெய் வாசம் அடிக்குது," என்றாள்.

"காலைல ரொட்டிக்குத் தடவினது. நான் தண்ணி போட்டுத் துடைச்சேன்."

"தண்ணியில போகாது. நாளைக்குக் கடைக்குக் கொடுங்க."

"சரி."

திரையில் ஒரு எண்ணெய்க் கிடங்கு வெடித்தது. ஹால் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம். சுவரோரம் தம்பி குனிந்து இருமுவதைப் பார்த்தேன். தோள்கள் குலுங்கின. நெருப்பு அடங்குவதற்குள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான், டார்ச்சோடு.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் அவன் அந்த வேலையில் இருந்தான். ஒரு மடி விபத்துகூட நடக்கவில்லை. அவனைக் கொண்டுபோனது வயிறு இல்லை, நெஞ்சு. வைட்டமின்கள் கடைசிவரை ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தட்டு மேடம் அழுதுகொண்டே, "அவன் ரிப்போர்ட் அவ்வளவு அழகா இருந்துச்சு," என்றார். அதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அவன் போன மறுநாள் விடியற்காலையில் எழுந்து வந்தேன். இருவரும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை அப்பாவின் கையில், பாட்டில் அம்மாவின் கையில். கொடுக்க ஆள் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அம்மா எழுந்து ரொட்டியில் வெண்ணெய் தடவி என் முன்னால் வைத்தாள். நான் சாப்பிட்டேன். பாதி திறந்த ஜன்னல் வழியாகக் காற்றும் தூசியும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தன.

ஜன்னலைப் பற்றி அவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் அதைப் பற்றி இப்போது நேருக்கு நேர் சண்டை போடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் ஓய்வு பெற்றுவிட்டது.

அவ்வப்போது நாங்கள் மூவரும் அந்தத் தியேட்டருக்குப் போகிறோம். சத்தமான படங்களுக்குத்தான் போவோம். வேறொரு பையன் டார்ச் அடிக்கிறான், நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். போன மாதம் ஒரு படத்தில் ஒரு ரயில் பாலத்திலிருந்து விழுந்து வெடித்தது. முதலில் அப்பா இருமினார். பிறகு அம்மா. அவர்களுக்கு ஜலதோஷமெல்லாம் இல்லை. நானும் இருமினேன். மூன்று பேரும் குனிந்து, ஆசை தீர.

முன்வரிசைப் பெண் திரும்பி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எங்க வீட்டு வழக்கம்," என்றாள் அம்மா.

நெருப்பு அடங்கியதும் நிறுத்திவிட்டோம். வசனம் வரும்போது யாராவது இருமினால் அவனுக்குப் பிடிக்காது.